கூண்டுகளைக் கூட்டுவதற்கு முன்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு இருவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை.

மேடவாக்கத்தில் வாடகை வீட்டின் கீழ்த்தளத்தில் நீ தொடங்கிய நாய்க் காப்பகத்தில் இடம் போதவில்லை என்றும், பள்ளிக்கரணைப் பக்கம் பெரிய இடம் ஒன்று குத்தகைக்கு வருகிறது, அங்கே போய்க் கூண்டுகளை இரட்டிப்பாக்கிவிடலாமா என்றும் கேட்டிருந்தாய். இடத்தை எடு, ஆனால் கூண்டுகளை இரட்டிப்பாக்காதே என்பதுதான் என் கருத்து. போனில் சொன்னால் நடுவில் ஏதாவது ஒன்று குரைத்துப் பேச்சு பாதியில் நின்றுவிடுகிறது. ஆகையால் காரணங்களை எழுதியே அனுப்புகிறேன்.

ஆட்கள் வருவார்களா என்ற கவலை எனக்கு இல்லை. நான் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்த காலத்தில், வெளியூர் போகிறவர்கள் நாயைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்து, இரண்டு வேளைச் சோற்றுக்குச் சொல்லிவிட்டுப் போவார்கள். இன்று பழைய மகாபலிபுரம் சாலையின் அடுக்குமாடிகளில் கணவன் மனைவி இருவருமே வேலைக்குப் போகிறார்கள். பக்கத்துக் கதவுக்காரரின் பெயர்கூடப் பலருக்குத் தெரியாது. 2020 ஊரடங்கில் வீட்டிலேயே அடைந்து கிடந்தபோது ஆசைப்பட்டு வாங்கிய குட்டிகள், அலுவலகங்கள் திறந்ததும் பகல் முழுவதும் தனித்து விடப்பட்டன. உன் தொழில் அந்த வீடுகளிலிருந்துதான் வளர்ந்தது, இன்னமும் வளரும்.

ஆனால் அந்த வளர்ச்சி எந்த மாதங்களில் வருகிறது என்பதையும் பார். தீபாவளி, பொங்கல், மே மாத விடுமுறை ஆகிய நாட்களில்தான் தங்க வைக்க இடம் கேட்டு ஓயாமல் அழைக்கிறார்கள். பள்ளி திறந்துவிட்டால் பாதிக் கூண்டுகள் காலி. வாடகையோ பன்னிரண்டு மாதமும் கொடுக்க வேண்டும். மாதந்தோறும் தவறாமல் வரும் வருமானம் குளிப்பாட்டுவது, முடி வெட்டுவது, நகம் வெட்டுவது, காலையில் விட்டு மாலையில் அழைத்துப் போகும் டே கேர் ஆகியவற்றில்தான் இருக்கிறது. கூடுதல் இடத்தை அவற்றுக்கு ஒதுக்கு. சென்ற முறை வந்திருந்தபோது உன் குரூமிங் மேசையருகே நெடுநேரம் நின்று பார்த்தேன். அந்தத் தம்பி ட்ரையரை ஷிட்சூ நாயின் மேல் திருப்புவதற்கு முன் தன் புறங்கையில் காட்டிச் சூடு பார்த்தான். கால்விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாக விரித்து உண்ணி இருக்கிறதா என்று தேடினான். அப்படிப்பட்ட கை உள்ள இன்னொருவன் கிடைப்பது புதிய கூண்டு வாங்குவதைவிடக் கடினம். முதலில் அவனுக்குச் சம்பளத்தை உயர்த்து.

நோயைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பார்வோ கிருமி உடலில் புகுந்து சில நாட்கள் கழித்துத்தான் வாந்தியும் இரத்தக் கழிச்சலும் தெரியும். அதற்கு முன்பே மலத்தில் கிருமி வெளியேறத் தொடங்கிவிடும். துள்ளி விளையாடிக்கொண்டு வந்த குட்டி போன பிறகும் அந்தத் தரையில் கிருமி மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். பினாயில் அதைக் கொல்லாது, மணம்தான் மிச்சம். தரையை முதலில் சோப்பு நீரால் நன்றாகக் கழுவி அழுக்கை நீக்கிவிட்டு, ஒரு பங்கு ப்ளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடமாவது ஊறவிட வேண்டும். மலத்தின் மேலேயே ப்ளீச்சை ஊற்றினால் பயனில்லை. கென்னல் காஃப் என்னும் இருமல் காற்றிலேயே பரவுவது. ஒரே கூடத்தில் வரிசையாகக் கூண்டு வைத்தால், ஒன்று இரும ஆரம்பித்த சில நாட்களில் மற்றவையும் இருமும். எனவே புதிய இடத்தில் தனிக் கதவும், தனிக் கழிவுநீர் வழியும், தனி வாளியும் துடைப்பமும் கொண்ட ஓர் அறையைக் கட்டாயம் ஒதுக்க வேண்டும். வருமானம் தராத அறை என்று கட்டட மேஸ்திரி உட்பட எல்லோரும் சொல்வார்கள், நீ கேட்காதே.

தடுப்பூசி அட்டையைப் பார்க்காமல் எந்த நாயையும் உள்ளே விடாதே, எவ்வளவு தெரிந்தவர்கள் ஆனாலும் சரி. சென்னை மாநகராட்சி 2025-இல் வளர்ப்பு நாய்களுக்கு உரிமத்தோடு அடையாள மைக்ரோசிப்பையும் கட்டாயமாக்கி, உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது உனக்கு நல்லதாகவே போயிற்று. அட்டை கேட்டால் முகம் சுளிப்பவர்களிடம் இனி அதைச் சொல்லலாம். வேலையாட்கள் அனைவரும் ரேபிஸ் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொள்ளட்டும், அந்தச் செலவு உன்னுடையது. அப்படிப் போட்டிருந்தாலும் கடிபட்டால் அந்த இடத்தை உடனே சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டு.

இடத்தைப் பற்றி எனக்கு ஓர் அச்சம் உண்டு. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய பகுதி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அந்த வட்டாரம் முழுவதும் நீரில் நின்றதை நீயே நேரில் பார்த்தாய். எலியின் சிறுநீர் கலந்த வெள்ள நீரில் லெப்டோஸ்பைரோசிஸ் என்னும் எலிக்காய்ச்சல் வரும். நாய்க்கு மட்டுமல்ல, வெறுங்காலோடு தண்ணீரை வாரி வெளியேற்றும் ஆளுக்கும் வரும். இரவில் தண்ணீர் ஏறினால் நாய்களை எந்த மாடிக்கு, எந்தப் படி வழியாக ஏற்றுவாய் என்பதற்கு விடை இருந்தால்தான் அந்த இடம் ஆகும். மேற்கூரை தகரமாக இருந்தால் வேண்டவே வேண்டாம். நாய் மூச்சிரைத்துத்தான் உடற்சூட்டைத் தணித்துக்கொள்கிறது; மே மாதத்துச் சென்னைப் புழுக்கத்தில் அதுவும் சரியாகக் கைகொடுக்காது. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்கள் நம் கண் முன்னேயே சுருண்டு விழும். கன்னி, சிப்பிப்பாறை போன்ற நாட்டு நாய்கள் நம் மண்ணின் வெயிலுக்குப் பழகியவை. ஆனால் உன்னிடம் வருபவற்றில் பெரும்பாலானவை அவை அல்லவே.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். முத்ரா திட்டத்தில் பிணையில்லாமல் 10 லட்சம் வரை கேட்கலாம். கூட்டாளியாகச் சேர விரும்பும் அந்த நண்பரின் பணத்தைவிட அது மேல். அவர் முதலில் கேட்கப்போவது கூண்டின் எண்ணிக்கையைத்தான். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும், அதை மனத்தில் வைத்தே கட்டணத்தை நிர்ணயம் செய்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன் இடத்தின் வரைபடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பு. கழிவுநீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, காற்று எந்தப் பக்கம் வருகிறது என்பதை அதில் குறித்துவிடு. அம்மா முறுக்கு சுட்டிருக்கிறாள், பார்சலில் வரும். அந்தத் தம்பிக்கும் கொடு.

அன்புடன்,
அப்பா