மூன்று படம், பதினைந்து டிஸ்க்

நிஷி-கசாய், தோக்கியோ
15 ஜூன் 2025, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நலம். நீங்களும் அம்மாவும் நலமா? மழைக்காலம் ஆரம்பித்துவிட்டது. துவைத்த துணி மூன்று நாளாகியும் காயவில்லை, அறையெல்லாம் ஈர வாடை.

போன வாரம் போனில் நீங்கள் கேட்டதற்கு என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. “மூணு படத்துக்கு ஆறு டிஸ்க்காடா? ஒரு டிஸ்க்குல எல்லாமே அடங்கும்னு நீதானே சொன்னே? உன்னை நல்லா ஏமாத்திட்டாங்க” என்றீர்கள். போனில் சொன்னால் பாதியிலேயே அம்மாவிடம் கொடுத்துவிடுவீர்கள், அதனால் எழுதுகிறேன்.

நான் வாங்கியது ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ மூன்று பாகங்களின் நீட்டித்த வடிவம், ப்ளூ-ரே பெட்டி. டிவிடிக்கு அடுத்து வந்த டிஸ்க்தான் ப்ளூ-ரே. ஸ்டேஷன் பக்கத்துப் பழைய பொருள் கடையில் கிடைத்தது. அட்டையில் ‘ஜூகோமாய்குமி’ என்று போட்டிருந்தது. காகிதம், சட்டை, டிஸ்க் என்று தட்டையாக இருப்பதையெல்லாம் இவர்கள் ‘மாய்’ போட்டுத்தான் எண்ணுவார்கள். அதாவது பதினைந்து டிஸ்க் கொண்ட பெட்டி. ஆறு டிஸ்க்கில் படம், மீதி ஒன்பதும் படம் எடுத்த கதையைச் சொல்லும் டிவிடி.

கல்லாவில் இருந்த பையன் பதினைந்தையும் ஒவ்வொன்றாக எடுத்து, விளிம்பை மட்டும் பிடித்து, விளக்குக்குக் கீழே சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். மேலே அச்சிட்ட எண்ணும் பெட்டியில் அது இருக்க வேண்டிய இடமும் ஒன்றுதானா என்று சரிபார்த்தான். எனக்குப் பின்னால் ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள், ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. நம் சிடி வாடகைக் கடையில் நீங்கள் டியூப்லைட்டுக்குக் கீழே சிடியைச் சாய்த்துக் கீறல் பார்ப்பதும், பனியன் துணியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைப்பதும் அப்படியே கண்முன் வந்தது. முதல் சிடி கவரில் இரண்டாவது சிடியைப் போட்டுத் திருப்பிக் கொடுப்பவர்களை நீங்கள் திட்டுவதும்தான்.

நம் கடையில் விசிடி ஓடிய காலத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு சிடியில் 74 நிமிடம்தான் பிடிக்கும், பிறகு வந்தவற்றில் 80. நம் படங்கள் இரண்டரை மணி நேரம், அதனால் இரண்டு சிடி. பாட்டும் சண்டையும் கூடினால் மூன்று. ஒரே படத்தை இரண்டு வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, ஒரு வீட்டில் முடிந்த முதல் சிடியை அடுத்த வீட்டுக்கு எடுத்துக்கொண்டு சைக்கிளில் ஓடியது நான்தானே. அங்கே சிடி பிரிந்தது நேரத்தால். இங்கே பிரிவது படத்தின் துல்லியத்தால்.

இட நெருக்கடி தீர்ந்ததென்னவோ உண்மை. நம் சிடி 700 எம்பி. இப்போது இரண்டடுக்கு ப்ளூ-ரே 50 ஜிபி, ஏறக்குறைய எழுபது மடங்கு. கோலப்பொடி பருமனாக விழுந்தால் புள்ளியைத் தள்ளித் தள்ளித்தான் வைக்க முடியும், மெல்லிசாக விழுந்தால் நெருக்கி வைக்கலாம். டிஸ்க்கைப் படிக்கும் லேசரும் அப்படித்தான், அலைநீளம் குறைந்தால் புள்ளி மெல்லிசாகும். டிவிடியைப் படிக்கும் சிவப்பு லேசருக்கு அலைநீளம் 650 நானோமீட்டர், ப்ளூ-ரேயின் ஊதா லேசருக்கு 405. அதுவும் ஒளியை இன்னும் கூராகக் குவிக்கும் லென்ஸும் சேர்ந்துதான், தரவு பதிந்த தடங்களுக்கு இடையே இருந்த இடைவெளி 0.74 மைக்ரானிலிருந்து 0.32 ஆகச் சுருங்கியது. நீல ஒளிக்கு வழி திறந்தவர்கள் இந்த நாட்டில் பிறந்தவர்கள், அகாசாகி, அமானோ, நகாமுரா. நீல எல்இடிக்காக 2014-இல் மூவருக்கும் நோபல் கிடைத்தது.

ஆனால் டிஸ்க் வளர்ந்தபோது படமும் சும்மா இருக்கவில்லை. விசிடி நொடிக்கு ஒரு மெகாபிட்டுக்குக் கொஞ்சம் மேலே சாப்பிட்டது (எட்டு மெகாபிட் சேர்ந்தால் ஒரு எம்பி). ப்ளூ-ரேயில் படத்துக்கு மட்டும் 40 மெகாபிட் வரை போகலாம். அந்த வேகத்தில் முழுக்க ஓட்டினால் 50 ஜிபி சுமார் 2 மணி 45 நிமிடத்தில் தீர்ந்துவிடும். நீட்டித்த மூன்றாம் பாகமோ நான்கு மணி நேரத்துக்கும் மேல். ஒலியையும் தரம் துளியும் குறையாமல் வைக்கிறார்கள், அது தனியாக ஒரு பங்கு கேட்கும்.

ஒரு பாகத்தை ஒரே டிஸ்க்கில் அடைக்கவே முடியாதா என்றால், முடியும். இறுக்கித் திணிக்க வேண்டும், அவ்வளவுதான். திணித்தால் என்ன ஆகும் என்பதை நான் உங்களுக்குச் சொல்லவா வேண்டும்? விசிடியில் மழைக் காட்சி வந்தால் திரை கட்டம் கட்டமாக உடையுமே! இரண்டு பேர் உட்கார்ந்து பேசும் காட்சிக்குக் கொஞ்சம் போதும். மழை, புகை, ஆயிரம் பேர் ஓடும் போர்க்களம் என்றால் ஒவ்வொரு நொடியும் எல்லாப் புள்ளியும் மாறுகிறது, அங்கேதான் படம் தரவை அள்ளிக் குடிக்கும். இந்தப் படத்தில் அது மூன்றும் நிறைய. அதனால் நடுவில் எழுந்து டிஸ்க் மாற்றுவதில் எனக்கு வருத்தமே இல்லை, இடைவேளை என்று வைத்துக்கொண்டேன். டீயும் போட்டாயிற்று.

ஆனால் நீங்கள் சொன்ன ஏமாற்றும் இங்கே இருக்கிறது, அது வேறு அலமாரி. அனிமே எனப்படும் ஜப்பானியக் கார்ட்டூன் தொடர்கள். ஒரு எபிசோட் சுமார் 24 நிமிடம். டிஸ்க்குக்கு இரண்டே எபிசோட் போட்டு, மாதம் ஒன்றாக வெளியிட்டு, ஒவ்வொன்றும் ஆறாயிரம், ஏழாயிரம் யென் என்று விற்பார்கள். பன்னிரண்டு எபிசோடுக்கு ஆறு டிஸ்க். அதே தொடர் அமெரிக்காவில் இரண்டு டிஸ்க்கில் அடங்கிவிடும்! வாங்குபவர்கள் கொஞ்சப் பேர், தீவிர ரசிகர்கள். தயாரிப்புச் செலவை அவர்களிடமிருந்துதான் எடுக்க வேண்டும், அதனால் கூடவே சின்னப் புத்தகம், நிகழ்ச்சி டிக்கெட்டுக்கான குலுக்கல் சீட்டு எல்லாம் வைப்பார்கள். என் பக்கத்து மேசைக்காரர் இதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறார், சிரித்துக்கொண்டே வாங்கவும் செய்கிறார். நீங்களாக இருந்தால் அந்த விலையைக் கேட்டதும் கல்லாவைச் சாத்தியிருப்பீர்கள்.

இன்னொன்று, பிப்ரவரியில் சோனி வீட்டில் பதிவு செய்துகொள்ளும் வெற்று ப்ளூ-ரே தயாரிப்பை நிறுத்திவிட்டது. படம் அச்சிட்டு வரும் டிஸ்க் இன்னும் வருகிறது.

பெட்டியை ஆகஸ்டில் ஊருக்கு வரும் நண்பரிடம் கொடுத்தனுப்புகிறேன். ஒரு சிக்கல் உண்டு. ப்ளூ-ரேக்கு மண்டலப் பூட்டு இருக்கிறது. ஜப்பான் ஏ, இந்தியா சி. அங்கே வாங்கும் பிளேயரில் இது ஓடாமல் போகலாம். அதனால் என் பழைய பிளேயரையும் சேர்த்தே அனுப்புகிறேன். அதுவோ 100 வோல்ட்டுக்குச் செய்தது. நம் வீட்டு பிளக்கில் நேராகச் செருகினால் புகைந்துவிடும். பஜாரில் வோல்டேஜைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் கிடைக்கிறதா என்று விசாரித்து வையுங்கள். கிடைக்கும்வரை அம்மா கண்ணில் படாத இடத்தில் வைத்துவிடுங்கள், தூசி தட்டுகிறேன் என்று எடுத்துச் செருகிவிடப் போகிறார்.

அன்புடன்,
உங்கள் மகன்