பொன்விழாச் சந்திப்பை ஏற்று நடத்தும் மகளுக்கு

அன்புள்ள சுபா,

உன் மாமனாரின் கிண்டி பொறியியல் கல்லூரி வகுப்பின் ஐம்பதாம் ஆண்டுச் சந்திப்பை நீ முன்னின்று நடத்தப்போவதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். புனேயில் இருந்துகொண்டு சென்னையில் ஏற்பாடு செய்ய வேண்டுமே, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். எழுபதைத் தாண்டியவர்கள் அவ்வளவு தூரம் வருவது ஒருவரோடு ஒருவர் உட்கார்ந்து பேசத்தான். அதை மனதில் வைத்துக்கொள், எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பது உனக்கே தெரிந்துவிடும்.

முதல் வேலை பெயர்ப் பட்டியல். அந்தக் காலத்தில் பள்ளிக்குப் பிறகு பி.யூ.சி. என்ற ஒரு வருடப் படிப்பு முடித்து பி.இ. ஐந்து வருடம். 1976ல் முடித்தவர்கள் என்று மட்டும் எடுத்தால், 1971ல் கூடவே சேர்ந்து அரியரால் ஒரு வருடம் தள்ளிப்போனவர் விடுபட்டுவிடுவார். அவருக்கு அது எவ்வளவு வலிக்கும்! சேர்ந்த வருடத்தை வைத்துப் பட்டியல் போடு. நடுவில் வந்து சேர்ந்தவர்களையும் எழுதிக்கொள். ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள், ஆகவே இன்ஷியல், பிரிவு, ஹாஸ்டலில் கூப்பிட்ட பெயர் மூன்றும் வேண்டும். பேனரில் 'அண்ணா பல்கலைக்கழகம், 1976' என்று அச்சடித்துவிடாதே. அந்தப் பல்கலைக்கழகம் வந்ததே 1978ல். இவர்கள் பட்டம் சென்னைப் பல்கலைக்கழகத்துடையது. 'கிண்டி பொறியியல் கல்லூரி' என்று மட்டும் போடு.

மறைந்தவர்கள் பட்டியலில்தான் மிகுந்த கவனம் வேண்டும். வாட்ஸ்அப்பில் யாரோ சொன்னதை நம்பி உயிரோடு இருப்பவர் படத்தைப் போட்டுவிட்டால் அதற்கு மன்னிப்பே கிடையாது. ஒவ்வொரு பெயரையும் குடும்பத்தாரிடம் போனில் கேட்டு உறுதி செய். அப்படிப் பேசும்போதே அந்த வீட்டு அம்மாவைச் சந்திப்புக்கு அழைத்துவிடு. பலர் வருவார்கள், ஒற்றையாக உட்காராமல் பார்த்துக்கொள். படங்கள் எல்லாம் ஒரே அளவில் இருக்கட்டும், பதவியைப் போடாதே. அஞ்சலியைச் சனிக்கிழமை காலையில் முதல் நிகழ்ச்சியாக வை. சாப்பாட்டுக்குப் பிறகு வைத்தால் பாதிப் பேர் அறைக்குப் போயிருப்பார்கள்.

தேதி, புத்தாண்டுக்கும் போகிக்கும் நடுவில் வரும் சனி, ஞாயிறு. மழை பெரும்பாலும் ஓய்ந்திருக்கும், வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் இன்னும் ஊரில் இருப்பார்கள். டிசம்பர் கடைசியில் சபா கச்சேரிக் கூட்டத்தில் அறை கிடைப்பது கஷ்டம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் (ஈ.சி.ஆர்.) ரிசார்ட் என்று யாராவது ஆசை காட்டுவார்கள், ஒத்துக்கொள்ளாதே. ராத்திரி நெஞ்சுவலி வந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து சேரவே நேரமாகும். கிண்டியிலேயே லிஃப்ட் உள்ள ஒரே ஹோட்டலில் எல்லோரையும் தங்க வை. விமான நிலையத்திலிருந்து மெட்ரோவில் நேராக வந்துவிடலாம். கல்லூரி வளாகத்துக்குள் நடக்க வைக்காதே. இரண்டு வேன் பேசி வைத்துக்கொள். மண்டபத்துக்கு முன்னாள் மாணவர் சங்கம் வழியாகக் கடிதம் கொடு. அதற்கு முன் ஒரு ஆளை அனுப்பி, படி எத்தனை, கைப்பிடி உண்டா, வெஸ்டர்ன் டாய்லெட் எவ்வளவு பக்கத்தில் என்று பார்த்துவரச் சொல்.

பேட்ஜில் பெயர் பத்தடி தூரத்தில் படிக்கும்படி பெரிதாக, இரண்டு பக்கமும் இருக்கட்டும். கழுத்தில் தொங்குவது எப்படியும் திரும்பிக்கொள்ளும். கல்லூரிக் காலப் படம் ஒன்றும் ஒட்டு. கூட வரும் மனைவி அல்லது கணவருக்கும் பெயரோடு பேட்ஜ் கொடு. மருந்து, அலர்ஜி, பிள்ளைகளின் போன் நம்பர் இவற்றை ஒரு அட்டையில் எழுதி பேட்ஜ் உறைக்குள் செருகிவிடு.

மேடை அறிமுகம் வேண்டாம். அறுபது பேர் ஆளுக்கு மூன்று நிமிஷம் பேசினால் மூன்று மணி நேரம், அதுவும் யாரும் மூன்று நிமிஷத்தில் நிறுத்த மாட்டார்கள். ஆளுக்கு அரைப் பக்கம் எழுதி வாங்கி, முன்பே சின்னப் புத்தகமாக அனுப்பிவிடு. மெல்லிசைக் குழுவும் வேண்டவே வேண்டாம். காதுக்கருவி போட்டவருக்கு அந்தச் சத்தத்தில் பக்கத்தில் பேசுவது எதுவும் பிடிபடாது. எட்டுப் பேர் உட்காரும் வட்ட மேசை போடு. மதியத்துக்குப் பிறகு நிகழ்ச்சியே வைக்காமல் விடு.

சாப்பாடு நேரத்துக்கு வர வேண்டும். சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டவரை உரை முடியட்டும் என்று காக்க வைத்தால் மயக்கம் வரும். பன்னிரண்டரைக்குப் பந்தி என்றால் பன்னிரண்டரைதான். தட்டை ஏந்தி நிற்கும் பஃபே இந்த வயதுக்கு ஆகாது. பரிமாற ஆள் கேள். காரம் குறைத்து, ரசமும் தயிர்சாதமும் தாராளமாக. காபியில் சர்க்கரை தனியாக. பதினோரு மணிக்குச் சுண்டலும் மோரும்.

குரூப் போட்டோவை முதல் நாள் ஒன்பதரைக்கே சிவப்புக் கட்டடத்துக்கு முன்னால் எடுத்துவிடு, முன்வரிசைக்கு நாற்காலி போட்டு. ஞாயிற்றுக்கிழமை பலர் ரயிலுக்குக் கிளம்பிவிடுவார்கள்.

பணம் கொடுத்தவர் பட்டியலைக் குரூப்பில் போடவே கூடாது. பென்ஷன் இல்லாதவர்களும் இருப்பார்கள். இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த ஒரு சிறு நிதி வைத்து, கேட்காமலே அவர்கள் செலவைத் தீர்த்துவிடு. கல்லூரிக்கு ஸ்காலர்ஷிப் கொடுக்க நினைத்தால் வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்கள் பணத்தை வகுப்புக் கணக்கில் வாங்காதே. எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்கீழ் பதிவுள்ள அமைப்புக்கு அவர்களே நேராக அனுப்பட்டும்.

மண்டபக் கடிதத்தை எழுதியதும் எனக்கு அனுப்பு, படித்துப் பார்த்துச் சொல்கிறேன். பேரனுக்கு என் முத்தம்.

அம்மா