38 ரூபாய் ஜார் எங்கள் ஊருக்கு வரும்போது 51 ரூபாய்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டிலிருந்தபடியே மெழுகுவர்த்தி செய்து சம்பாதிப்பது பற்றி உங்கள் நாளிதழின் பெண்கள் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். மெழுகு எங்கே வாங்குவது, எப்படி உருக்குவது, எந்த வாசனை நன்றாகப் போகும் என்றெல்லாம் விவரமாக இருந்தது. ஆனால் மெழுகை ஊற்றும் ஜாரைப் பற்றி ஒரே வரி, அழகான கண்ணாடி ஜாரில் ஊற்றி ஆறவிடவும் என்று. தங்கச்சிமடத்தில் நாலு வருடமாக இந்த வேலை செய்கிறேன். எங்களைப் போன்றவர்கள் கையைச் சுட்டுக்கொள்வதே அந்த ஜாரில்தான். கடிதம் கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆரம்பத்தில் நானும் கோயிலில் ஏற்றுகிற நீட்டு மெழுகுவர்த்திதான் செய்தேன். வேர்க்காடு சந்தியாகப்பர் திருவிழா, நவம்பர் 2 கல்லறைத் திருநாள், கிறிஸ்துமஸ் என்று வருடத்தில் சில நாட்கள் நன்றாகப் போகும். அதற்கு ஜாரும் வேண்டாம் டப்பாவும் வேண்டாம், அச்சில் ஊற்றி எடுத்தால் முடிந்தது. ஆனால் சித்திரை வெயிலில் எங்கள் தகரக் கூரைக்குக் கீழே அடுக்கி வைத்தால் வளைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ராமேஸ்வரத்துக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் வாசனை மெழுகுவர்த்தி கேட்க ஆரம்பித்தார்கள். வாசனைக்குத் தோதான சோயா மெழுகு மெதுமெதுவென்று இருக்கும், தானாக நிற்காது, ஒரு பாத்திரம் கட்டாயம் வேண்டும். அப்படித்தான் ஜார் வாங்கத் தொடங்கினேன்.

நான் வாங்கியது 150 மில்லி ஜார், ஒன்று 38 ரூபாய். அந்த 38 ரூபாயை வைத்துத்தான் ஒரு வருடம் முழுக்க விலை போட்டேன். ஒருநாள் ராத்திரி பில்லையெல்லாம் எடுத்துவைத்துக் கூட்டிப் பார்த்தபோதுதான் விளங்கியது. இரண்டு பெட்டி, 96 ஜார், 3,648 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி 656 ரூபாய். லாரி வாடகை 350. வந்ததைப் பிரித்தால் 5 ஜார் உடைந்திருந்தது, உடைந்ததற்குக் கடைக்காரர் பொறுப்பேற்க மாட்டார். ஆக 4,654 ரூபாய்க்கு என் கைக்கு வந்தது 91 ஜார். ஒன்று 51 ரூபாய். கடையில் 38 ரூபாய்க்கு வாங்கிய அதே ஜார், வீடு வந்து சேரும்போது 13 ரூபாய் கூடிவிட்டது, அந்த 13 ரூபாயை ஒரு வருடமாக நான் என் கையிலிருந்து போட்டிருக்கிறேன்.

இதில் எங்கள் தீவுக்கென்று தனிக் கஷ்டம் உண்டு. பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது, 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும்வரை மதுரையிலிருந்து வருகிறவர்கள் மண்டபத்திலோ ராமநாதபுரத்திலோ இறங்கி பஸ் மாற வேண்டியிருந்தது. வாடகையை மிச்சம் பிடிக்கலாம் என்று ஒருதடவை நானே மதுரைக்குப் போய் ஜார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். பஸ் படியில் ஏற்றும்போது ஒரு இடி. வீட்டுக்கு வந்து திறந்தால் ஒரு அடுக்கு முழுக்கச் சில்லு.

சரி, ஜார் 51 ரூபாய். அதில் போகிற 115 கிராம் மெழுகும் வாசனை எண்ணெயும் 43 ரூபாய், திரி 3 ரூபாய், லேபிளும் அட்டைப்பெட்டியும் 14 ரூபாய். மொத்தம் 111. இது தெரிந்த பிறகும் நான் 120 ரூபாய்க்குத்தான் விற்றேன், 9 ரூபாயை லாபம் என்று நினைத்துக்கொண்டு. அதில் என் கூலி இல்லை, கேஸ் இல்லை. பிறகு ராமேஸ்வரத்தில் ஒரு கடையில் வைக்கக் கேட்டபோது விற்கிற விலையில் 30 சதவீதம் எங்களுக்கு என்றார்கள். கேட்டது தப்பில்லை, கடைக்கு வாடகை, ஆள் கூலி எல்லாம் இருக்கிறது. ஆனால் 120-ல் 36 போனால் எனக்கு வருவது 84. ஒரு ஜார் விற்றால் 27 ரூபாய் கைநட்டம். நிறைய விற்றால் சரியாகிவிடும் என்று அப்போது பக்கத்து வீட்டு அக்கா சொன்னார், நானும் நம்பினேன். நிறைய விற்க விற்க நட்டம்தான் நிறைய ஆனது.

இப்போது எப்படிப் போடுகிறேன் என்றால், 111-உடன் என் கூலி 25 ரூபாயைச் சேர்த்து 136. கடைக்காரர் 30 சதவீதம் எடுத்த பிறகு எனக்கு இந்த 136 நிற்க வேண்டும், அதனால் 136-ஐ 0.7-ஆல் வகுக்கிறேன். 194 வருகிறது, 200 என்று லேபிள் ஒட்டுகிறேன். இங்கேதான் பலர் தவறுகிறார்கள், 136-க்கு மேல் 30 சதவீதம் சேர்த்து 177 என்று போட்டுவிடுவார்கள், கடைக்காரர் கணக்குப் பார்ப்பதோ 177-ல் 30 சதவீதம், கைக்கு 124 கூட வராது. வீட்டுக்கு வந்து வாங்குகிறவர்களுக்கும் அதே 200தான். வீட்டில் 150-க்குக் கொடுத்தால் கடையில் யார் வாங்குவார்கள், அந்தக் கடைக்காரர் அடுத்த மாதம் என் சரக்கை வைப்பாரா?

இன்னொன்று, 150 மில்லி ஜார் என்றால் 150 கிராம் மெழுகு என்று நினைக்கக்கூடாது. மெழுகு தண்ணீரைவிட லேசானது. எந்த ஜார் வாங்கினாலும் முதலில் தராசில் வைத்து, எதுவரை ஊற்றப் போகிறோமோ அதுவரை தண்ணீர் ஊற்றி எடை பாருங்கள். தண்ணீர் 100 கிராம் பிடித்தால் மெழுகு 90 கிராமுக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடிக்கும். லேபிளில் போட வேண்டியதும் மெழுகின் எடை மட்டுமே, ஜாரையும் சேர்த்து நிறுத்துப் போட்டால் அது வாங்குகிறவர்களை ஏமாற்றுவது.

எந்த ஜார் நல்லது என்பதற்கு வருகிறேன். விலை குறைவு என்று ஒருதடவை பாத்திரக் கடையில் மெல்லிய கண்ணாடித் தண்ணீர் டம்ளர் வாங்கி ஊற்றினேன். வாங்கிப்போன ஒரு அம்மா வீட்டில் திரி அடிவரை எரிந்து, சூட்டில் டம்ளர் விரிசல் விட்டு, மேஜை விரிப்பு கருகிவிட்டது. அந்த அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை, எனக்குத்தான் இரண்டு நாள் தூக்கம் வரவில்லை, குழந்தைகள் இருக்கிற வீடு அது. அன்றிலிருந்து சுவர் தடிமனான, அடி கனமான, வாய் குறுகாத ஜார் மட்டும்தான். கழுத்து ஒடுங்கிய ஜாரில் சூடு மேலே தேங்கி நிற்கும். எந்தப் புது ஜார் வந்தாலும் இரண்டில் மெழுகு ஊற்றி நானே நாலு மணி நேரம் எரித்துப் பார்க்கிறேன், அந்த இரண்டின் விலையையும் மற்றவற்றின் மேல் போட்டுவிடுகிறேன். அடியில் ஒரு சென்டிமீட்டர் மெழுகு இருக்கும்போதே அணைத்துவிடுங்கள் என்று லேபிளில் கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கிறேன்.

தகர டப்பா உடையாது, எடை குறைவு, வாடகை குறைவு. ஆனால் எங்கள் உப்புக்காற்றில் ஒரு மாதத்துக்குள் மூட்டுவாயில் துரு ஏறிவிட்டது. அலுமினிய டப்பா துருப்பிடிக்கவில்லை, இப்போது தூரத்துக்கு பார்சல் அனுப்புவதெல்லாம் அதில்தான். அடி சுடும், ஆகவே கீழே தட்டு வைக்கச் சொல்லிவிட வேண்டும். சுடுமண் கோப்பை மானாமதுரையிலிருந்து வாங்கிப் பார்த்தேன், பார்க்க அவ்வளவு லட்சணம், ஆனால் கோப்பை எண்ணெயைக் குடித்து வெளியே கறை கறையாக வந்துவிட்டது. உள்ளே பளபளவென்று மெருகு போட்ட கோப்பை என்றால் சரியாக வரும், விலைதான் கூடும். சிரட்டையில் செய்து தரச் சொல்லி நிறையப் பேர் கேட்கிறார்கள், இந்த ஊரில் சிரட்டைக்குக் காசே இல்லை, எனக்கும் ஆசைதான். ஆனால் சிரட்டை தீப்பிடிக்கிற பொருள். நாங்கள் அடுப்பு மூட்டுவதே அதில்தானே. விற்க மனம் வரவில்லை.

சங்கும் சிப்பியும் கேட்பவர்களும் உண்டு, கடற்கரை ஊர் என்றால் கேட்கத்தான் செய்வார்கள். ஒரு சிப்பியில் 20 கிராம் மெழுகு நின்றால் அதிகம். அதைவிட முக்கியம், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சில சங்கு, சிப்பி வகைகளும் பவளப்பாறையும் வருகின்றன. எது தடை, எது தடையில்லை என்று பிரித்துப் பார்க்கத் தெரியாமல் கரையில் கிடந்ததைப் பொறுக்கி விற்றுவிட்டு மாட்டிக்கொள்ள வேண்டாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் 1986-லிருந்து தேசியப் பூங்காவாக வைத்துக் காப்பாற்றுகிறார்கள், அந்தக் கடலை நம்பித்தான் எங்கள் வீட்டு ஆண்கள் படகு ஏறுகிறார்கள்.

செலவைக் குறைக்க எனக்குப் பலித்த வழி இரண்டு. உள்ளூரில் வாங்குகிறவர்கள் காலி ஜாரைத் திருப்பிக் கொடுத்தால் அடுத்த ஜாரில் 20 ரூபாய் குறைக்கிறேன். வெந்நீரில் போட்டு மெழுகை எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவி, கீறல் விழுந்ததைத் தள்ளிவிட்டு மறுபடி ஊற்றுகிறேன், 51 ரூபாய் ஜார் 20 ரூபாய்க்குக் கிடைத்த மாதிரி. அப்புறம் அட்டைப்பெட்டிக்குப் பதிலாகப் பனை ஓலைப்பெட்டி. சாயல்குடிப் பக்கம் பனைக்குப் பஞ்சமில்லை, முடைகிற பெண்களும் இருக்கிறார்கள். பரிசாகக் கொடுக்க வாங்குகிறவர்கள் ஓலைப்பெட்டிக்கென்றே 40 ரூபாய் கூடத் தருகிறார்கள், அந்தக் காசு நம் மாவட்டத்துப் பெண் கைக்கே போகிறது.

இவ்வளவு பார்த்தும் அந்த 18 சதவீதத்தை என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. வருடத்துக்கு 40 லட்சத்துக்குக் கீழே சரக்கு விற்கிற எங்களுக்கு ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை, அது நல்லதுதான். ஆனால் பதிவு இல்லாததால் ஜாருக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள வழியில்லை, அது அப்படியே ஜார் விலையில் ஏறிவிடுகிறது. கண்ணாடிக்குப் பேர்போன ஃபிரோசாபாத் இருப்பது உத்தரப் பிரதேசத்தில், வடக்கே செய்கிற ஜார் எங்கள் தீவுக்கு வருவதற்குள் எத்தனை கை மாறுகிறதோ அத்தனை லாபமும் எங்கள் தலையில். 96 ஜார் வாங்குகிற என்னிடம் எந்த மொத்த வியாபாரியும் விலை பேசமாட்டார். மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை என்று இந்தத் தொழிலில் இருக்கிற பெண்கள் எல்லோரும் ஒரே அளவு ஜாரை முடிவு செய்து, மகளிர் திட்டத்தின் கீழ் இருக்கிற சுயஉதவிக் குழுக் கூட்டமைப்பு மூலமாக ஒரே லோடாக இறக்கினால் வாடகையும் உடைசலும் பாதியாகக் குறையும் என்று நினைக்கிறேன். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இதைப் பார்க்கிறவர்கள் உங்கள் பத்திரிகையைப் படிப்பவர்கள்தான், அவர்கள் கண்ணில் பட வேண்டும் என்பதற்காகவே உங்களுக்கு எழுதுகிறேன்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். இனிமேல் இப்படிக் கட்டுரை போடும்போது ஜார் விலை, வரி, வாடகை, உடைசல், கடைக்காரர் பங்கு, செய்கிறவள் கூலி எல்லாவற்றையும் சேர்த்து ஒரு ஜாருக்கான முழுக் கணக்கைப் போடுங்கள். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-ல் தொடங்கிவிட்டால் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, அந்த இரண்டு மாதத்துக்கு ஏதாவது வருமானம் வேண்டும் என்று உங்கள் கட்டுரையைக் கத்தரித்து வைத்துக்கொண்டு, நகையை அடகு வைத்து ஜார் வாங்கக் கிளம்புகிற பெண்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். போன வாரம்கூட ஒரு தங்கச்சி அந்தத் துண்டோடு என் வீட்டுக்கு வந்தாள், 200 ஜார் சொல்லப் போவதாக. முதலில் 12 வாங்கிச் செய்து பார் என்று என் பில் நோட்டைக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். உங்களுக்கும் தேவைப்பட்டால் அந்த நோட்டின் நகலை அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி,
தங்கச்சிமடம், ராமநாதபுரம் மாவட்டம்