பத்து மாச அட்வான்ஸ் எதுக்கு?

ஆசிரியருக்கு வணக்கம். பெசன்ட் நகர்ல புது அபார்ட்மென்ட்னு போனா லிஃப்ட், மாடுலர் கிச்சன் எல்லாம் காட்டிட்டு பத்து மாச அட்வான்ஸ் கேக்குறாங்க, மெயின்டெனன்ஸ் தனி. 2019 பிப்ரவரியில அமலுக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்துல மூணு மாச வாடகைக்கு மேல வாங்கக் கூடாதுன்னு இருக்கு, ஆனா ரெண்டு பேரும் வேற மாதிரி ஒப்பந்தம் போட்டா செல்லும்னும் அதுலயே இருக்கு, அப்புறம் யாரு மூணு மாசத்தோட நிறுத்துவா?

காலி பண்றப்போ இன்னும் கொடுமை. டிவி மாட்டின நாலு ஆணி ஓட்டையைக் காட்டி வீடு முழுக்க பெயின்ட் அடிக்கிற காசை எங்க அட்வான்ஸ்லயே பிடிச்சிட்டாரு ஓனர். அரசு அந்த விதிவிலக்கை உடனே எடுக்கணும், பெயின்ட்டுக்கு எவ்வளவு பிடிக்கலாம்னும் தெளிவா சொல்லணும்.

- ஒரு வாடகைதாரர், சென்னை