செயலாளரின் ஆண்டறிக்கை: பீலித் தண்ணீரும் தேயிலைச் சக்கையும்

தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, அங்கத்தவர்களே, வணக்கம்.

நாம் தண்ணீர் பிடிக்கும் பீலியைச் சுற்றி வழக்கம்போல் சிரமதானம் நடந்தது. மேல் லய வீடுகளுக்குப் போகும் குழாயும் மாற்றப்பட்டது. கூட்டங்களுக்கு இளைஞர்கள் வரவில்லை என்று குறைப்படுகிறோம். பாதிப் பேர் கொழும்பில் வேலை செய்யும்போது யார் வருவது?

இந்த வருடம் நாம் அதிகம் பேசியது தண்ணீரில் கலக்கும் மருந்தைப் பற்றித்தான். இடுப்பு வலிக்கு விழுங்கும் டிக்ளோஃபெனாக் முழுவதும் உடம்பிலேயே தங்கிவிடுவதில்லை. ஒரு பங்கு வெளியேறி, மலசலகூடக் குழி வழியாக ஓடைக்கும் போகலாம். "கொதிக்க வச்சா போயிராதா?" என்று ஓர் அக்கா கேட்டார். கிருமி சாகும், மருந்து ஆவியாகிப் போகாது.

அப்புறம்தான், தண்ணீரில் கரைந்திருப்பதைத் தன் மேல் பிடித்துக்கொள்ளும் காந்தத் தூளைத் தேயிலைச் சக்கையில் செய்து காட்டப் பாடசாலை விஞ்ஞான ஆசிரியர் முன்வந்தார். தொழிற்சாலையின் கழிவுத் தேயிலையைக் கேட்கலாம் என்றார்கள் சிலர். அதைக் கைமாற்றுவதற்கே தேயிலைச் சபையின் கட்டுப்பாடு உண்டு; அந்த வம்பு வேண்டாமென்று வீடுகளில் தேத்தண்ணி ஊற்றிய சக்கையைச் சேர்த்தோம்.

சக்கையைச் சாயம் போகும்வரை கழுவவேண்டும். இல்லாவிட்டால் இரும்பு உப்புப் பட்டதும் மை போலக் கறுத்துவிடும். காந்தத் தூளும் கறுப்புத்தான், கண்ணால் பிரித்தறிய முடியாது. காயவைத்துச் சலித்த சக்கையோடு பெரிக், பெரசு என்ற இரண்டு வகை இரும்பு உப்புகளை, இரண்டு பங்கு பெரிக் அயனுக்கு ஒரு பங்கு பெரசு அயன் வரும்படி கரைத்து, சூட்டில் அமோனியா விட்டார் ஆசிரியர். காந்தம் இழுக்கும் இரும்பு ஒட்சைட்டான மக்னெற்றைற் சக்கையின் மேல் படிந்தது. அதை மெதிலீன் நீலம் என்ற சாயக் கரைசலில் போட்டுக் கலக்கினோம். சற்று நேரத்தில், பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தை வெளியே பிடித்தபோது தூள் முழுவதும் கண்ணாடிச் சுவரோரம் ஒதுங்கியது. நீலம் நன்றாக வெளுத்திருந்தது. பிள்ளைகளின் கைதட்டல், காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்களம்வரை கேட்டது. காந்தத்தின் உபயோகமும் அதுதான். இவ்வளவு நுண்ணிய தூளை வடிகட்டினால் வடிதாள் அடைத்துக்கொள்ளும்.

ஆனால் இதைப் பீலியில் போடலாம் என்று யாரும் கிளம்பவேண்டாம். நீலம் போனதால் டிக்ளோஃபெனாக்கும் போகும் என்று அர்த்தமில்லை. சாயத்துக்கு நேர் மின்னேற்றம், நடுநிலைத் தண்ணீரில் டிக்ளோஃபெனாக்குக்கு மறை மின்னேற்றம். ஒன்றைப் பிடிக்கும் பரப்பு மற்றதைத் தள்ளவும் கூடும். எவ்வளவு பிடித்தது என்று அளக்கும் கருவி பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில்தான் இருக்கும். மேலும், தூள் மருந்தை அழிப்பதில்லை, தன் மேல் பிடித்து வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். பாவித்த தூளை மீண்டும் ஓடையில் கொட்டினால் என்ன லாபம்?

மிஞ்சிய மாத்திரைகளைக் கானில் எறிவதை நிறுத்துவது இதைவிடச் சுலபம். அவற்றைச் சேகரிக்க மருந்தகத்தில் மூடியுள்ள பெட்டி வைக்க அனுமதி கேட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறோம். பதில் வரவில்லை, புதிய நிர்வாகம் தொடர்ந்து கேட்கவேண்டும்.

பாவித்த தூள் பெயர் ஒட்டிய போத்தலில் பாடசாலை ஆய்வுகூட அலுமாரியில் இருக்கிறது. அதை என்ன செய்வதென்று இன்றைய கூட்டத்தில் முடிவெடுக்கவேண்டும். கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார். இவ்வறிக்கையை யாராவது முன்மொழிந்து, இன்னொருவர் வழிமொழியுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்