இடது கையும் வலது காலும்

அன்பு மகள் கயல்விழிக்கு,

பிரான்ஸில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் உரிமமான ஏ2 பெர்மி வாங்கிவிட்டாய், வண்டியும் எடுத்துவிட்டாய் என்று அம்மா சொன்னாள். சந்தோஷம். கூம்புகளுக்கு நடுவே வளைத்து ஓட்டவும் அவசர பிரேக் போடவும் பயிற்சியில் பிழிந்தெடுத்திருப்பார்கள். பரீட்சையில் கேட்காத ஒன்றை நான் எழுதுகிறேன். எதிரே வருகிற மொத்தார், அதாவது மோட்டார் சைக்கிள்காரர், வணக்கமாக இரண்டு விரல் காட்டினால் நீ என்ன செய்ய வேண்டும், எப்போது செய்யக் கூடாது என்பது.

பிரான்ஸில் வண்டிகள் வலப்பக்கம் போகின்றன. எதிரே வருகிறவர் உனக்கு இடப்பக்கம். இடது கையின் பொறுப்பில் முக்கியமாகக் கிளட்ச்தான். ஆக்ஸிலேட்டரும் முன் பிரேக்கும் வலது கையில். அதனால்தான் அங்கே வணக்கம் இடது கையால். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் விரித்து, கையை ஹேண்டில்பாருக்குச் சற்றுக் கீழே, பக்கவாட்டில் நீட்டினால் போதும். தோளுக்கு மேலே தூக்காதே. காற்று கையைப் பின்னால் தள்ளும், உடம்பு திரும்பும், அந்த இழுப்பு ஹேண்டில்பாருக்குப் போகும்.

கணக்கைப் பார். 80 கிலோமீட்டர் வேகத்தில் இருவரும் எதிரெதிரே வந்தால் நொடிக்கு 44 மீட்டர் நெருங்குகிறீர்கள். 100 மீட்டரில் அவரைப் பார்த்தால் உனக்கு இருப்பது இரண்டு நொடி சொச்சம். ஒற்றைக் கையோடு நீ மட்டும் நொடிக்கு 22 மீட்டர் போகிறாய். ஆகவே நேர்ச்சாலை, காய்ந்த தார், கியர் மாற்ற வேண்டிய அவசியம் இல்லை என்ற மூன்றும் இருந்தால்தான் கை வெளியே வரலாம்.

இடது வளைவில் கூடவே கூடாது. இதை ஒரு முறைக்கு இரண்டு முறை படி. வண்டியை இடப்பக்கம் சாய்க்கும்போது சக்கரம் உன் பாதையில் இருந்தாலும் உன் தலையும் தோளும் நடுக்கோட்டைத் தாண்டி எதிர்ப்பாதைக்குள் போய்விடும். அப்போது கையையும் நீட்டினால் எதிரே வரும் காரின் கண்ணாடிக்குக் கொடுக்கிறாய். ரவுண்டானாவிலும் வேண்டாம். அங்கே லாரிகளின் டேங்கிலிருந்து டீசல் சிந்திக் கிடக்கும். மழையில் வெள்ளைக் கோடுகளும் வழுக்கும். இப்படிப்பட்ட இடங்களில் தலையை லேசாக அசைத்தால் போதும், யாரும் குறையாக நினைக்க மாட்டார்கள். நீ கை காட்டி அவர் காட்டாவிட்டாலும் அப்படியே எடுத்துக்கொள். கிளட்ச் பிடித்திருப்பார், இல்லை பெர்மி வாங்கி ஒரு வாரம் ஆகியிருக்கும். பாரீஸுக்குள் யாரும் யாருக்கும் காட்டுவதில்லை. அத்தனை வண்டிக்கும் காட்டினால் வீடு போய்ச் சேர முடியாது.

அடுத்தது கால். உனக்கு வழிவிட்டு ஒதுங்கிய காரைத் தாண்டியதும் வலது காலை ஃபுட்ரெஸ்ட்டிலிருந்து எடுத்து வெளியே நீட்டுவார்கள். நன்றி என்று பொருள். கார் உன் வலப்பக்கம் இருக்கிறது, வலது கையை எடுக்க முடியாது, மிச்சம் இருப்பது கால்தான். முழங்காலைப் பாதி நீட்டி, பாதத்தைத் தரைக்கு இணையாக வை. நுனி கீழே தொங்கி ரோட்டைத் தொட்டால் காலைப் பின்னால் வாரிக்கொண்டு போகும். பின் பிரேக் அந்தக் காலில்தான் இருக்கிறது, ஒரு நொடியில் திரும்பி வந்துவிட வேண்டும். முன்னால் பிரேக் விளக்கு எரிகிறதென்றால் நன்றியை மறந்துவிடு. உதைக்க வருகிறாய் என்று பயப்படுகிற கார்க்காரர்களும் உண்டு, பாவம்.

நெரிசலில் கார் வரிசைகளுக்கு நடுவே போவது 2025 ஜனவரியிலிருந்து நாடு முழுக்கச் சட்டப்படி சரி. எல்லாச் சாலையிலும் அல்ல: நடுவே தடுப்பு இருந்து, ஒரு திசைக்கு இரண்டு பாதையாவது இருக்க வேண்டும். இடக்கோடியில் உள்ள இரண்டு பாதைகளுக்கு நடுவே மட்டும். 50க்கு மேல் கூடாது. அங்கே இரண்டு கையும் ஹேண்டில்பாரில், இரண்டு விரல் பிரேக் லீவரில். பின்னால் வேகமான மொத்தார் வந்தால் கார் இடைவெளி ஒன்றில் ஒதுங்கி அவரை விடு. அவர் கால் நீட்டிவிட்டுப் போவார்.

வழியில் யாராவது வண்டியை நிறுத்திக்கொண்டு நின்றால் வேகத்தைக் குறைத்துக் கட்டைவிரலைக் காட்டிக் கேள். அவரும் கட்டைவிரல் காட்டினால் சும்மா நிற்கிறார், போய்விடு. காட்டவில்லையென்றால் அவரைத் தாண்டிப் பாதுகாப்பான ஓரம் பார்த்து நிறுத்து. மஞ்சள் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்ட பிறகு நட. ஆட்டோரூட் என்கிற விரைவுச்சாலையில் மட்டும் நிற்காதே, அடுத்த ஓய்விடம் போய் அவசர எண் 112க்குச் சொல். அடிபட்டுக் கிடந்தால் ஹெல்மெட்டைக் கழற்றாதே, கழுத்தை அசைக்காதே.

சீட்டுக்கு அடியில் டியூப்லெஸ் பஞ்சர் கிட்டும் 16 கிராம் கேஸ் குப்பி மூன்றும் வை. அந்தக் குப்பிகளால் டயரில் முழு அழுத்தம் ஏறாது. பெட்ரோல் பங்க் வரை மெதுவாக உருட்டிப் போகலாம். உனக்குத் தேவைப்படுவதைவிட அடுத்தவருக்குத்தான் அதிகம் தேவைப்படும். ஆணி மாட்டிக்கொண்டு நிற்கிறவருக்கு உன் இரண்டு விரலால் என்ன பிரயோஜனம்?

நின்று பேசும்போது ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கு, வலது கையுறையைக் கழற்றிவிட்டுக் கை கொடு. வயது பார்க்காமல் எல்லாரையும் ‘து’ (நீ) என்றே கூப்பிடுவார்கள். அறுபது வயதுக்காரரிடம் உனக்கு ‘வூ’ (நீங்கள்) தான் வாயில் வரும், நம் வளர்ப்பு அப்படி. பரவாயில்லை, அவரே திருத்துவார்.

கலேயில் கப்பல் ஏறி இங்கிலாந்துப் பக்கம் ஓட்டப் போவதாகச் சொன்னாயாமே. அங்கே புதுச்சேரி மாதிரி இடப்பக்கப் போக்குவரத்து. எதிரே வருகிறவர் உன் வலப்பக்கம், ஆக்ஸிலேட்டர் கைப்பக்கம். அதனால் அவர்கள் தலையை மட்டும்தான் அசைப்பார்கள். அந்தக் கரையில் டோவர் துறைமுகத்தில் இறங்கியதும் இடது கையை ஹேண்டில்பாரிலேயே விட்டுவிடு.

அன்புடன்,
அப்பா