மதுரை மாவட்டக் கல்வி அதிகாரிகளுக்கு: எது குற்றம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா அவர்களுக்கு,

வணக்கம். வங்கிக் கணக்கை வாடகைக்கு விட்டு மாட்டிக்கொள்ளும் காலேஜ் பையன்களைப் பற்றி பேப்பரில் அடிக்கடி வருகிறது, நீங்களும் படித்திருப்பீர்கள், அதனால் முன்கதையை நான் விளக்கப் போவதில்லை. கேட்க வந்தது ஒன்றே ஒன்று. ஒன்பதாம் வகுப்பிலிருந்து கல்லூரி முதலாண்டு வரை மாதம் ஒரு பாடவேளை ஒதுக்குங்கள். இந்த வயதுப் பிள்ளைகள் எந்தெந்தக் குற்றத்தில் விவரம் தெரியாமல் போய் விழுகிறார்களோ அதை மட்டும், தமிழில், அவர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லிக்கொடுங்கள்.

திருமங்கலம் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஸ்காலர்ஷிப் விண்ணப்பம், வருமானச் சான்று, பட்டா நகல் என்று வருகிறவர்கள், போலீஸ் நோட்டீஸ் வந்தாலும் படித்துச் சொல்லச் சொல்லி என்னிடம்தான் கொண்டுவருவார்கள். போன மாதம் எங்கள் தெருக் கொத்தனார் ஒருவர் கொண்டுவந்த நோட்டீஸ்தான் இந்த மடலை எழுத வைத்தது. வடமாநிலத்துக் காவல் நிலையம் ஒன்றிலிருந்து அவர் மகன் பெயருக்குத் தபாலில் வந்திருந்தது, முழுக்க இந்தியில்.

பையன் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். டீக்கடையில் பழக்கமான ஒருத்தன், "ஒரு கம்பெனிக்கு டாக்ஸ் பிரச்சினைடா, உன் அக்கவுண்ட்ல காசு வந்துட்டு அப்படியே போயிரும், உனக்கு ரெண்டாயிரம்" என்று சொல்லியிருக்கிறான். இவன் ஏடிஎம் கார்டையும் பாஸ்புக்கையும் அந்தக் கணக்கோடு இணைத்த சிம்மையும் கொடுத்துவிட்டான். வந்து போன காசு, போலீஸ் மாதிரி போனில் பேசி, டிஜிட்டல் அரெஸ்ட் என்று மிரட்டி ஒரு வயதானவரிடம் பறித்த பணம். அந்தப் பெரியவருடைய வாழ்நாள் சேமிப்பு எங்கள் தெருப் பையனின் கணக்கு வழியாகத்தான் போயிருக்கிறது. அது எனக்கும் வலிக்கிறது, பையனை உத்தமன் என்று காட்ட நான் இதை எழுதவில்லை. ஆனால் அவன் என் முன்னால் நின்றுகொண்டு, "அண்ணே, நான் யார்ட்டயும் எதையும் எடுக்கலையே" என்று கேட்டபோது அவன் நடிக்கவில்லை. குற்றம் என்றால் கத்தியைக் காட்டுவது, பூட்டை உடைப்பது என்றுதான் அந்தப் பிள்ளை பத்தொன்பது வயது வரை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

அம்மாவின் தோட்டை அடகு வைத்து அப்பாவும் மகனும் ரயில் ஏறினார்கள். கொத்தனாருக்குத் தமிழைத் தவிர ஒரு வார்த்தை தெரியாது. ஸ்டேஷன் வாசலில் காலையிலிருந்து உட்கார வைத்திருக்கிறார்கள், நாளைக்கு வா என்றிருக்கிறார்கள், ராத்திரி ரயில்வே பிளாட்பாரத்தில் படுத்திருக்கிறார்கள். யாரோ ஒரு புரோக்கர் வந்து மகனைச் சிறையில் போடாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று கையில் இருந்ததையும் வாங்கிக்கொண்டு போய்விட்டான். வந்தது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 35(3) நோட்டீஸ், அதாவது விசாரணைக்கு வரச் சொல்லும் நோட்டீஸ். சொன்ன தேதியில் ஆஜராகி ஒத்துழைத்தால், தனியாக எழுதிவைத்த காரணம் இல்லாமல் கைது செய்யக்கூடாது என்று அந்தச் சட்டமே சொல்கிறது. இலவச சட்ட உதவிக்கு 15100 என்று ஒரு எண் இருக்கிறது. இரண்டும் அவர்களுக்குத் தெரியாது. ஊருக்குத் திரும்பியபோது அந்த மனிதர் என்னிடம் பேசவே இல்லை, பையைக் கீழே வைத்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

இதில் என்னால் தாங்க முடியாதது வேறு. இந்த வழக்கால் முடக்கப்பட்ட பையனின் கணக்கு, தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருவதற்காகவே திறந்த கணக்கு. 2024 ஆகஸ்டில் அரசு அந்தத் திட்டத்தைத் தொடங்கியபோது நான் மனதார வாழ்த்தினேன், அந்த விண்ணப்பங்களுக்கு என் கடையில்தான் நகல் எடுத்தார்கள். ஆதார் நகல் கேட்டார்கள், போட்டோ கேட்டார்கள், மூன்று இடத்தில் கையெழுத்துக் கேட்டார்கள். இந்தக் கார்டை இன்னொருத்தன் கையில் கொடுத்தால் நீயும் குற்றவாளி ஆகலாம் என்று சொல்ல ஒரு நிமிஷம் எடுத்திருக்குமா? ஒருவரும் சொல்லவில்லை. இப்போது அந்த ஆயிரமும் வரவில்லை, பஸ் காசுக்கு அவன் வாரக் கடைசியில் சித்தாள் வேலைக்குப் போகிறான்.

சட்டம் தெரியாமல் செய்தேன் என்றால் சட்டம் விடாது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்திலும் அப்படித்தான், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அப்படித்தான். சட்டம் தெரியாது என்பது தப்பிக்க வழியாகாது என்று எழுதி வைத்துவிட்டு, அந்தச் சட்டத்தைச் சொல்லிக்கொடுக்க ஒரு பாடவேளைகூட வைக்காமல் இருப்பது எந்த ஊர் நியாயம்?

பிள்ளைகள் விழுகிற பள்ளங்கள் ஊருக்கே தெரிந்தவை. திருவிழாவில் அடிதடி நடக்கும்போது, "நான் அடிக்கலை, கூடத்தான் நின்னேன்" என்பார்கள். பொது நோக்கத்தோடு கூட்டமாகப் போனால் கூட நின்றவனையும் சேர்த்துத்தான் வழக்கில் போடுவார்கள். பில் இல்லாத போனைப் பாதி விலைக்கு வாங்குவான், திருட்டுப் பொருள் என்று நம்பக் காரணம் இருந்தும் வாங்கினால் நியாய சன்ஹிதாவின் 317ஆவது பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை. விருப்பமில்லை என்று சொன்ன பிறகும் ஒரு பெண்ணைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்ந்தால் அதே சட்டத்தின் 78ஆவது பிரிவில் குற்றம். பதினெட்டு நிரம்பாத பெண்ணோடு காதல் என்று போகிறவனுக்கு, அவளுடைய சம்மதம், பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் முன் செல்லாது என்று சொல்ல ஆள் இல்லை. அருவாளோடு ரீல்ஸ் போட்டுவிட்டு மறுநாள் ஸ்டேஷனில் நிற்கிற பையன்களை மதுரைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. லைசென்ஸ் இல்லாத, பதினெட்டு நிரம்பாத பிள்ளையிடம் வண்டியைக் கொடுத்த அப்பாவுக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு என்பது 2019இலிருந்து இருக்கிறது, வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

உசிலம்பட்டிப் பக்கம் விடிகாலையில் பையன்கள் போலீஸ் செலக்‌ஷனுக்கு ஓடிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு வழக்கில் பெயர் வந்து, சந்தேகத்தின் பலனில் விடுதலையானாலும், தமிழ்நாடு காவலர் தேர்வில் அதை வழக்கில் சம்பந்தப்பட்டதாகவே எடுத்துக்கொள்ளும் விதி இருக்கிறது. அப்படிப்பட்ட பையனுக்கு ஒரு சாயங்காலத் தகராறில் கூடப் போய் நின்றது எதில் போய் முடியும் என்று யார் சொல்வது?

பெண் பிள்ளைகளுக்கும் இதே பாடம் வேண்டும். போட்டோவை மாற்றி வெளியிடுவேன் என்று ஒருவன் மிரட்டும்போது, மிரட்டுவதே குற்றம் என்று தெரிந்த பெண்தான் அம்மாவிடம் சொல்வாள், சைபர் குற்ற உதவி எண் 1930க்கோ குழந்தைகள் உதவி எண் 1098க்கோ கூப்பிடுவாள். தெரியாத பெண் தன்மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொள்கிறாள்.

முகாம் நடத்துகிறோம் என்பீர்கள். நானும் பார்த்திருக்கிறேன். வெயிலில் பிள்ளைகளை உட்கார வைத்து, மேடையில் வரிசையாகப் பொன்னாடை போர்த்தி, அடிப்படை உரிமைகளைப் பற்றிப் பேசி, போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஒரு பிள்ளைகூடக் கேள்வி கேட்கவில்லை, கேட்கச் சொல்லவும் இல்லை. நீதிபோதனை வகுப்பைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்கிறார். ஹேர்கட் சரியில்லை என்று கேட்டில் நிறுத்தி வைக்க ஆள் இருக்கிறது, நேரம் இருக்கிறது. எல்லாத்துக்கும் நேரம் இருக்கிற இடத்தில் இதற்கு மட்டும் ஏன் இல்லை?

சரி, கோபம் இருக்கட்டும். பணிவாகவே கேட்கிறேன். மாதம் ஒரு பாடவேளை. இதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம், பெரிய நிதி வேண்டாம். உயர் நீதிமன்றக் கிளை 2004இலிருந்து இங்கே இருக்கிறது, அதைச் சுற்றி எத்தனையோ இளம் வக்கீல்கள் இருக்கிறார்கள். நம் ஊரிலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. அந்த மாணவர்கள் இரண்டு பேரை அனுப்பினாலும் போதும், அண்ணன் அக்கா மாதிரிப் பேசுவார்கள், பிள்ளைகள் பயப்படாமல் கேட்பார்கள். செய்யுளையும் சமன்பாட்டையும் போல மனப்பாடம் செய்ய வைத்து மார்க் மட்டும் போட்டுவிடாதீர்கள். அவர்கள் ஊரில் நடந்த மாதிரியான சம்பவங்களை பெயர் இல்லாமல் சொல்லி, இதில் யார் குற்றவாளி என்று கேட்டு விவாதிக்க விடுங்கள். தமிழ்ப் புதல்வன், புதுமைப் பெண் கணக்கு திறக்கும் நாளில் கணக்கைப் பற்றிய பகுதியை மட்டுமாவது கட்டாயம் சொல்லுங்கள்.

ஜூன் மாதம் கால அட்டவணை போடுவதற்கு முன் இதை முடிவு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைகளுக்குக் கொடுக்க ஒரு பக்கத்தில் துண்டறிக்கை தயாரித்தால், திருமங்கலம் வட்டத்துப் பள்ளிகளுக்கு வேண்டிய நகல்களை நான் காசு வாங்காமல் எடுத்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
திருமங்கலம் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரன்